ஒரே ஆசிரியர், இரண்டு பாடங்கள்: சாங்கியிலிருந்து ஒரு விசாரணை

சாங்கிக் கிராமத்து உணவங்காடியில் நாசி லெமாக்குக்காக நிற்கும் நீண்ட வரிசையை விட்டு அகன்று, இரண்டாம் எண் பேருந்தில் நகரை நோக்கிப் புறப்படும் ஒருவர், சிறிது தூரத்திற்குள்ளாகவே ஒரு சிறு ஆலயத்தைத் தன்னுள் அடக்கிய அருங்காட்சியகத்தையும், அதற்கு அப்பால், 1936-இல் எழுப்பப்பட்டு 2004-இல் இடிக்கப்பட்ட பழைய சிறைச்சாலையின் எஞ்சிய வாயிலையும் மதிலையும் இரண்டு காவற்கோபுரங்களையும் காண்பார். 2016-இல் தேசிய நினைவுச்சின்னமென்று அறிவிக்கப்பட்ட அந்த மதிலுக்குப் பின்னால் புதிய சிறை இன்றும் இயங்குகிறது. அருங்காட்சியகத்திலோ, பள்ளிச் சீருடையணிந்த பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள், கையில் வினாத்தாளும் எழுதுகோலுமாக, ஓர் இளம் ஆசிரியரின் பின்னே வரிசையாகச் செல்லும் காட்சியைப் பள்ளி நாட்களில் காணலாம். அந்த ஆசிரியர் சரித்திர ஆசிரியர் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் அன்று காலையில் அதே பிள்ளைகளுக்கு வினைமுற்றையும் முன்னிடைச்சொல்லையும் திருத்திக் கொடுத்த ஆங்கில ஆசிரியரும் அவரேயாக இருக்கக்கூடும் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றுகிறது. அங்கே அரசுப் பள்ளியில் ஆங்கிலத்திற்கு ஒரு பட்டதாரி ஆசிரியர், சமூக அறிவியலுக்கு வேறொரு பட்டதாரி ஆசிரியர் என்று நியமனமே பிரிந்து நிற்கிறது. சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளியிலோ ஆசிரியராகப் புகுவோர் பொதுவாக இரண்டு பாடங்களில் பயிற்சி பெறுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் எதைச் சிறப்பாகக் கற்றாரோ அது முதற்பாடம். பள்ளிகளின் தேவையையும் அவருடைய தகுதியையும் எடைபோட்டு ஒட்டப்படுவது இரண்டாம் பாடம். சரித்திரம் படித்தவருக்கு ஆங்கிலம் இரண்டாம் பாடமாக வருவதும், ஆங்கில இலக்கியம் படித்தவர் சரித்திரத்தையும் ஏற்றுக்கொள்வதும் இப்படித்தான். சமூகக் கல்வி என்ற மூன்றாவது பாடமும் பள்ளியில் கால்வைத்த பிறகு பெரும்பாலும் அவர் தலைமேல் வந்து விழும். இந்தப் பிணைப்புக்குக் காரணம் பாட அட்டவணையின் நெருக்கடி ஒன்றுதானா, அல்லது இவ்விரு பாடங்களுக்குள்ளும் ஏதேனும் ஆழ்ந்த உறவு உண்டா? இதை ஆராய்வதற்கு, ஆசிரியப் பயிற்சி இந்தத் தீவில் நடந்துவந்த பாதையை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் பள்ளி உபாத்தியாயர் உருவான விதம் எளிது. பள்ளியிறுதி வகுப்பைத் தேறிய இளைஞர் பகலில் கீழ்வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, மாலையிலும் சனிக்கிழமையிலும் ‘நார்மல் வகுப்பு’ என்னும் பயிற்சி வகுப்பில் அமர்ந்து, கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதிக்கொண்டே தொழில் பழகும் பையனின் முறை அது. மேல்வகுப்புகளுக்குக் கற்பிக்கப் பட்டதாரிகள் கப்பலில் வந்தார்கள். ராஃபிள்ஸ் இத்தீவில் கால்வைத்ததன் நூற்றாண்டை ஒட்டி முடிவு செய்யப்பட்டு, 1928-இல் புக்கிட் தீமாவில் திறக்கப்பட்ட ராஃபிள்ஸ் கல்லூரியின் முக்கியமான நோக்கங்களுள் ஒன்று, இந்த இறக்குமதியைக் குறைத்து, ஆங்கிலமும் சரித்திரமும் பூகோளமும் கணிதமும் கற்பிக்கவல்ல உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களை உள்ளூரிலேயே உண்டாக்குவது. அக்கல்லூரி 1949-இல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயிற்று. மறு ஆண்டிலேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றும் தொடங்கப்பெற்றது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியராக இருந்தவர் நார்த்கோட் பார்க்கின்சன். செய்து முடிக்கக் கிடைத்த காலத்தை நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று அவர் வகுத்த நகைச்சுவை விதி இன்று உலகப் பிரசித்தம். ஆசிரியப் பயிற்சி ஓராண்டா, ஒன்றரை ஆண்டா, ஈராண்டா என்று நாடுதோறும் குழுக்கள் கூடி விவாதிக்கும்போதெல்லாம், சிங்கப்பூரில் சரித்திரம் கற்பித்த மனிதர் ஒருவரிடமிருந்துதான் அந்த விதி பிறந்தது என்ற நினைவு எனக்கு ஒரு சிறு புன்னகையை வரவழைக்கிறது.

சுயாட்சி வந்த 1959-க்குப் பின் பள்ளிகள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. ஆசிரியர் தொகை பத்தாண்டுக்குள் ஏறத்தாழ இரட்டித்தது. அத்தனை பேரையும் முழுநேரப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு வகுப்புகளை வெறுமையாக வைத்திருக்க இயலாதாகையால், பாதி நாள் பள்ளியில் கற்பித்தும் மறுபாதி நாள் கல்லூரியில் கற்றும் தேறும் முறை கைக்கொள்ளப்பட்டது. நார்மல் வகுப்பே வேறு பெயரில் திரும்பி வந்தது என்று சொன்னாலும் பிழையில்லை. எண்ணிக்கையைத் துரத்திய அந்த ஓட்டத்தை நிறுத்தித் தரத்தைப் பற்றிக் கேட்டவர்களுள் முதன்மையானவர் ரூத் வோங். ராஃபிள்ஸ் கல்லூரியில் பயின்று, பின்னர் ஹார்வர்டில் கல்வியியலில் முனைவரான இவ்வம்மையார், பயிற்சிக் கல்லூரியின் முதல்வராயிருந்து, அது 1973-இல் கல்விக் கழகமாக உருமாறியபோது அதன் முதல் இயக்குநரானார். ஆசிரியர் என்பவர் வித்தைகளைக் கையாளும் கைவினைஞர் மட்டுமல்லர், தம் தொழிலைப் பற்றித் தாமே ஆராயவல்லவராகவும் இருத்தல் வேண்டும் என்ற கருத்து இங்கே வேரூன்றியதற்கு அவர் காலமே தொடக்கம். 1991-இல் அக்கழகமும் உடற்கல்விக் கல்லூரியும் ஒன்றாகித் தேசியக் கல்விக் கழகமாயின. அது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கம். தீவில் ஆசிரியரைப் பயிற்றும் ஒரே நிலையமும் அதுவே.

அந்த இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழகம் இன்று அமைந்திருக்கும் யுன்னான் தோட்டத்து நிலம், சீன மொழியிலே உயர்கல்வி வேண்டுமென்று வணிகச் செல்வர் முதல் ரிக்‌ஷாக்காரர் வரை கொடுத்த காசில் ஐம்பதுகளில் எழுந்து, 1980-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுப் பெயரிழந்த நன்யாங் பல்கலைக்கழகத்தின் நிலம். ஆங்கில ஆசிரியர் உருவாகும் மண் அது! சீமேயிலோ தெம்பனீஸிலோ வீடுள்ள ஒரு பயிற்சி ஆசிரியர் பச்சை வழித்தட ரயிலில் தீவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கே பூன் லே வரை சென்று, அங்கிருந்து பேருந்து பிடித்து அந்நிலத்தை அடைகிறார். போகவர நாள்தோறும் கிடைக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் அவர் எத்தனையோ நூல்களைப் படித்துவிடலாம். பெரும்பாலும் தூங்குகிறார்கள் என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன், குற்றம் சொல்வதற்கில்லை.

பட்டதாரிகளுக்கான டிப்ளோமாப் பயிற்சி நெடுங்காலம் ஓராண்டாக இருந்து, பின்பு பதினாறு மாதமாக நீண்டு, அண்மையில் மீண்டும் ஓராண்டாகச் சுருங்கும் முடிவுக்கு வந்திருக்கிறது. அதற்கு முன்னரே விண்ணப்பதாரர் ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டு, பயிற்சியற்ற ஆசிரியராகச் சில காலம் கற்பித்துப் பார்க்கிறார்; தொழில் அவருக்கும், அவர் தொழிலுக்கும் ஒத்துவருகிறார்களா என்று இருதரப்பும் பார்த்துக்கொள்ளும் பெண்பார்க்கும் படலம் அது. பயிற்சிக் காலத்தில் அவர் கட்டணம் செலுத்தும் மாணவரல்லர், சம்பளம் பெறும் கல்வி அதிகாரி. அதற்கு ஈடாகப் பயிற்சி முடிந்தபின் மூன்றாண்டு பணியாற்றும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறார். பிற நாடுகளில் ஆசிரியப் பயிற்சி பெற்றவருள் ஒரு பகுதியினர் வகுப்பறைக்கே வராமல் போவதையும், இந்தியாவில் 2015 முதல் ஈராண்டாக்கப்பட்ட பி.எட். படிப்பைத் தம் செலவில் முடித்தவர்கள் நியமனத் தேர்வுக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடப்பதையும் எண்ணிப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் விவேகம் புலப்படும். ஒருவரைச் சேர்க்கும்போதே அவருக்குரிய நாற்காலியை எண்ணி வைத்துவிட்டுச் சேர்க்கிறார்கள்.

பயிற்சியின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். கல்வியியலும் குழந்தை உளவியலும் எல்லார்க்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு பாடத்திற்கும் அதனதன் போதனாமுறை வகுப்பு. பிறகு அநுபவமுள்ள ஓர் ஆசிரியரின் கண்காணிப்பில், கழகத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்து பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க, பள்ளியிலே பத்து வாரக் கற்பித்தற் பயிற்சி. இந்தப் பத்து வாரமே பயிற்சியின் உயிர்நாடி என்று தேறியவர்கள் எல்லாரும் ஒருமித்துச் சொல்கிறார்கள். ஏனையவற்றைப் பற்றி அவ்வளவு ஒருமிப்பு இல்லை.

ஆங்கிலப் பாடத்தில் இங்கே ஒரு விசேஷமான சிக்கல் உண்டு. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழியும் போதனாமொழியுமாகிவிட்டது. ஆயினும் பிள்ளைகள் விளையாட்டுத் திடலிலும் காப்பிக்கடையிலும் பேசும் ஆங்கிலம், மலாயும் ஹொக்கியனும் தமிழும் தத்தம் பங்கைச் செலுத்தி வளர்த்த வேறொரு மொழி. 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தை அரசாங்கமே தொடங்கவேண்டி வந்தது. இலக்கியம் படித்துப் பட்டம் பெற்று வரும் இளைஞர் நாவலைப் பற்றி நாற்பது பக்கம் எழுதுவார். ஆனால் ஒரு வாக்கியம் ஏன் தவறு என்று ஒரு மாணவன் கேட்டால், காதுக்கு அப்படிப் படுகிறது என்பதற்கு மேல் பதில் சொல்ல இலக்கணம் கற்றிரார். ஆகவே ஆங்கில ஆசிரியருக்கு முதலில் ஆங்கில இலக்கணத்தையே கற்பிக்கவேண்டியிருக்கிறது. நன்னூலை மனனம் செய்துவிட்டே பள்ளிக்குள் நுழைந்த பழைய தமிழ்ப் பண்டிதரை நினைத்தால், அவருக்கு இந்த அவமானம் நேர்ந்ததில்லை. வேறு அவமானங்கள் நேர்ந்தன, அது வேறு கதை.

சரித்திரத்தின் சிக்கல் வேறு. புதிதாய்ப் பிறந்த குடியரசு தன் கடந்தகாலத்தைப் பற்றி நெடுநாள் கூச்சத்தோடிருந்தது. எழுபதுகளில் தொடக்கப்பள்ளியில் அது தனிப்பாடமாக இராமற் போயிற்று. தொழிலும் வணிகமும் சோறு போடும், சரித்திரம் இனங்களுக்குள் பழம்பகையைக் கிளறும் என்பது அக்காலத்து எண்ணம். 1997-இல் தேசியக் கல்வி என்ற முயற்சி தொடங்கியபோது ஊசல் மறுபக்கம் போயிற்று: இளைஞர்கள் தேசத்தின் கதையை அறியாதிருப்பதே ஆபத்து என்றாயிற்று. 2001 முதல் சாதாரண நிலைத் தேர்வில் சமூகக் கல்வி கட்டாயமானது. அதோடு, ஒரு கடிதத்தையோ கேலிச்சித்திரத்தையோ சொற்பொழிவின் பகுதியையோ கொடுத்து, இதைச் சொன்னவர் யார், யாரிடம், எந்த நோக்கத்தோடு, எவ்வளவு நம்பலாம் என்று கேட்கும் ஆதாரவழி வினாக்களும் வந்தன. 2014-இல் வந்த கீழ்நிலை வகுப்புப் பாடநூல் தேசத்தின் கதையை 1819-இலிருந்து தொடங்காமல், கென்னிங் குன்றத்தில் அகழ்ந்தெடுத்த ஓடுகளின் சாட்சியத்தோடு 1300-இலிருந்து தொடங்கிற்று. சரித்திரம் மனப்பாடமாயிருந்தது போய் விசாரணையாயிற்று.

இந்த ஆதாரவழி வினாவில்தான் நம் இரு பாடங்களும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஒரு மாணவன் அதில் தோற்பது பெரும்பாலும் ஆண்டுகள் தெரியாமையால் அன்று. ஓர் அடைமொழியின் ஏளனத்தைக் கண்டுகொள்ளாமையால், ‘கூறினார்’ என்பதற்கும் ‘என்று கூறிக்கொண்டார்’ என்பதற்கும் உள்ள வேற்றுமை செவியில் படாமையால். அதாவது, ஆங்கிலத்தில் தோற்றே அவன் சரித்திரத்தில் தோற்கிறான். இதை அதிகாரிகள் உணராமலில்லை. சிங்கப்பூர் ஆங்கில மொழிக் கழகம் எல்லாப் பாட ஆசிரியர்களும் தத்தம் பாடத்தின் மொழியைக் கவனிக்கவேண்டுமென்று வற்புறுத்திவருகிறது. ஆனால் பயிற்சி நிலையத்தில் ஆங்கிலப் போதனாமுறை ஓர் அறையிலும், சரித்திரப் போதனாமுறை மற்றோர் அறையிலும், வேறு வேறு பேராசிரியர்களால் சொல்லப்படுகின்றன. இரண்டையும் இணைக்கும் வேலை, நடைவழியில் ஓடிக்கொண்டிருக்கும் மாணவருடைய மூளைக்கே விடப்பட்டிருக்கிறது. இதுவே இந்தப் பயிற்சியின் பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

இணைத்தால் என்ன விளையும் என்பதற்குச் சாங்கியே சாட்சி.

1942 பெப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் சாங்கித் தீபகற்பத்து இராணுவக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டார்கள். வேலையின்றிப் பட்டினியோடு கிடந்த மனிதர்களின் மனம் சிதையாதிருக்கும் பொருட்டு, சில வாரங்களுக்குள் அங்கே ‘சாங்கிப் பல்கலைக்கழகம்’ என்று அவர்களே பெயரிட்டழைத்த வகுப்புகள் தோன்றின. சட்டமும் விவசாயமும் மொழிகளும் சரித்திரமும் அங்கே போதிக்கப்பட்டன. எழுத்தறியாத சிப்பாய்க்கு அரிச்சுவடியும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஆசிரியப் பயிற்சி என்ற ஒன்றைக் கனவிலும் கண்டிராதவர்களே பெரும்பாலும் ஆசிரியர்கள். ஆஸ்திரேலியப் பகுதியின் கல்விப் பொறுப்பிலிருந்த லெஸ்லி கிரீனர், அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்குச் சிறையிலிருந்த சிறுவர்களுக்குக் கொடுப்பதற்காக டேவிட் கிரிஃபின் எழுதிய கதைக்குச் சித்திரம் வரைந்தார். கதையில் வரும் ஒரு பிராணிக்கு வின்ஸ்டன் என்று பெயரிருந்ததை ஜப்பானியர் ஐயுற்றதால் அப்புத்தகம் மண்ணில் புதைக்கப்பட்டு, போர் முடிந்தபின் தோண்டியெடுக்கப்பட்டது. ஒரு சொல்லை எவர் எக்கண்ணால் வாசிப்பார் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் போதனாமுறை நூலிலும் இல்லை. வேலைக்கென்று ஆட்கள் சயாமுக்கு அனுப்பப்பட்டதும் அந்த வகுப்புகள் கரைந்துபோயின.

அந்த வீழ்ச்சியில் சிறைப்பட்டவர்களுள் இரண்டு ஆங்கில இலக்கிய விமர்சகர்களைக் குறிப்பிடவேண்டும். கிரஹாம் ஹாஃப், ராஃபிள்ஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர். தொண்டர் படையில் சேர்ந்து போர்க்கைதியாகி, பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் ஆங்கிலப் பேராசிரியரானார். மற்றவர் இயன் வாட். சாங்கியிலும் குவாய் ஆற்றங்கரையிலும் கைதியாயிருந்து, ஆங்கில நாவலின் தோற்றத்தைப் பற்றி 1957-இல் வெளியிட்ட நூலால் அழியாப் புகழ் பெற்றார். அதே ஆண்டில், குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய திரைப்படமும் வெளிவந்து உலகை மயக்கிற்று. அந்தப் படமும் அதற்கு மூலமான பிரெஞ்சு நாவலும் கைதிகளின் மெய்யான வாழ்வை எப்படித் திரித்தன என்று, தாமே அங்கிருந்தவரென்ற உரிமையோடு, வாட் கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார். கற்பனை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நாவலாராய்ச்சியில் கற்ற மனிதர், அந்தக் கற்பனை சரித்திரத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டபோது அதை எழுப்பிவிட முயன்றார். ஆங்கில ஆசிரியரும் சரித்திர ஆசிரியரும் ஒரே உடம்பில் குடியிருப்பதென்றால் அதுதான்.

‘சாங்கி’ என்ற சொல்லே அப்படி ஒரு பாடம். ஜேம்ஸ் கிளாவெல் இச்சிறையிலே கைதியாயிருந்த அநுபவத்தைக் கொண்டு 1962-இல் வெளியிட்ட நாவலாலும், பிறகு வந்த படங்களாலும், ஆங்கிலம் பேசும் உலகில் சாங்கி என்றால் நரகம் என்றே பொருளாகிவிட்டது. ஆனால் இவ்வழியாகச் சென்ற ஏறத்தாழ 87,000 கைதிகளில் சாங்கியிலேயே இறந்தவர்கள் சுமார் 850 பேர் என்று ஆவணங்கள் சொல்கின்றன. பசியும் நோயும் இங்கே மெய். அறுநூறு பேருக்கென்று கட்டிய சிறையில் மூவாயிரம் பொதுமக்களை அடைத்ததும் மெய். எனினும் சாவு கூட்டங்கூட்டமாக நிகழ்ந்தது சயாம்–பர்மா ரயில்பாதையில். அங்கிருந்து மீண்டவர்கள் சாங்கியைக் கண்டு வீடு திரும்பியதுபோல் மகிழ்ந்தார்கள் என்பது நாவல் படித்த மாணவனுக்கு வியப்பளிக்கும். நாவல் பொய்யென்று தள்ளுவதோ, எண்ணிக்கையே முழு உண்மையென்று கொள்ளுவதோ இங்கே எளிது. இரண்டையும் மேசைமீது வைத்து, ஒவ்வொன்றும் எதைச் சொல்வதற்காக எழுதப்பட்டது என்று கேட்கப் பழக்குவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இதில் இன்னும் ஒரு பங்கு உண்டு. லிட்டில் இந்தியாவை அடுத்த ஃபேரர் பார்க் திடலில், சரணடைந்த இரண்டாம் நாள், பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் தனியே பிரித்து ஒப்படைக்கப்பட்டார்கள். அங்கிருந்துதான் இந்திய தேசிய இராணுவம் முளைத்தது. அதில் சேர்ந்தவர்களில் சிலர் சாங்கியில் தம் பழைய மேலதிகாரிகளுக்கே காவல் நின்றார்கள். வெள்ளைக்காரக் கைதியின் நாட்குறிப்பில் அந்தக் காவற்காரன் துரோகி. சிராங்கூன் சாலைத் தாத்தாவின் நினைவில் அவன் தேசபக்தன். பதினான்கு வயது மாணவன் இரண்டு சொற்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் வகுப்பில், அவனுடைய ஆசிரியர் எந்தச் சொல்லையும் தம் வாயால் முந்திச் சொல்லிவிடாத அடக்கத்தைப் பெற்றிருக்கவேண்டும். பத்து வாரத்தில் அது வந்துவிடுமா?

எனக்கு அதிகாரமிருந்தால், அந்தப் பத்து வாரத்தில் ஒரு வாரத்தைப் பிரித்தெடுத்து, ஆங்கில மேற்பார்வையாளரும் சரித்திர மேற்பார்வையாளரும் சேர்ந்து வந்திருக்க, பயிற்சி ஆசிரியரைப் பிள்ளைகளோடு இந்த மதிலடிக்கு அனுப்புவேன். அவர் தயாரிக்கும் வினாத்தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும். முதலாவதில் கிளாவெல் நாவலின் ஒரு பக்கம். இரண்டாவதில் இறந்தோர் எண்ணிக்கை. மூன்றாவது கட்டம், அதே ரயில்பாதைக்கென்று மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு, திரும்பி வராத பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளருக்குரியது. வெள்ளைச் சிப்பாய்க்கு அங்கே கல்லறையும் பெயரும் படைப்பிரிவு எண்ணும் உண்டு. இவர்களில் மிகப் பலருக்குப் பெயர்ப்பட்டியலே இல்லையாகையால், அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். அதன் கீழே ஒரு வினா: இந்தக் கட்டத்தை நிரப்ப எங்கே போவாய்? ஆங்கில நூலகத்தில் தேடிக் களைத்துத் திரும்பும் பிள்ளைகளில் யாரேனும் ஒருவராவது, தம் பள்ளியிலேயே, அடுத்த அறையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியையிடம் போய்க் கேட்கக்கூடும். அவருடைய அலமாரியில் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இருக்கும்.